பார்த்துக் கீறிய நகரம்: சர்ரியலிச நகரக்காட்சியும் கொழும்பின் வெயிலும்

1. கேள்வி

பாடசாலைச் சித்திர வகுப்பில் ஒரு பிள்ளையின் படத்தைத் தள்ளிவைக்க நம்மிடம் ஒரு வசனம் உண்டு: "இது பார்த்துக் கீறினது." அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பார்த்துக் கீறியதென்றால் சொந்தச் சரக்கில்லை, சொந்தச் சரக்கில்லையென்றால் கலையில்லை என்பது நம் வீடுகளிலும் பரீட்சை மண்டபங்களிலும் ஒருமுகமாக ஏற்கப்பட்ட தீர்ப்பு.

சர்ரியலிசம் என்று வரும்போது இந்தக் குற்றச்சாட்டு இரட்டிப்பாகிறது. ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் வெளியிட்ட முதல் அறிக்கை, அறிவின் காவலில்லாமல் மனம் தன்போக்கில் ஓடுவதையே அவ்வியக்கத்தின் இலக்கணமாக வைத்தது. கனவு அவரவர் சொத்து. அப்படியிருக்க, இன்னொருவர் கண்ட கனவைக் கட்டம் போட்டு, அளவெடுத்து, நிறம் கலந்து மறுபடி தீட்டுகிறவர் எதைக் கற்கிறார்? தொழில்நுட்பத்தையா, அல்லது இரவல் கனவொன்றையா?

இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியைக் கொழும்பில், குறிப்பாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நின்று பார்க்கிறது. சான்றுகள் மூன்று வகையானவை: ஐரோப்பிய சர்ரியலிசத்துக்குள் பிரதியெடுத்தலின் வரலாறு, இலங்கை ஓவியர் மஞ்சுஸ்ரீயின் வாழ்நாள் வேலை, வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் பின்விறாந்தையில் நானே செய்து பார்த்த மூன்று பிரதிகள். மூன்றாவதைச் சான்றென்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் ஓவியனல்ல. ஆனால் கற்பவரின் கையில் எது சறுக்குகிறது என்பதை அறியக் கற்றுத் தேர்ந்தவர்களின் கை உதவாது.

2. மூலவரே பிரதியாளர்

சர்ரியலிச நகரக்காட்சி என்றதும் நினைவுக்கு வரும் வெறிச்சோடிய சதுக்கம், வளைவு மண்டபம், நீண்ட நிழல், தொலைவில் புகைவிடும் இரயில் எல்லாம் ஒருவரிடமிருந்து வந்தவை. ஜோர்ஜோ டி கிரிக்கோ கிரேக்கத்தின் வோலோஸ் நகரில் 1888இல் பிறந்த இத்தாலியர். தந்தை புகையிரதப் பாதைப் பொறியியலாளர். 1910இல் புளோரன்ஸ் நகரில் தொடங்கிய அவருடைய நகரப் படங்கள் சர்ரியலிசம் என்ற இயக்கம் பிறப்பதற்கு முந்தியவை. பிரெத்தோனும் நண்பர்களும் பின்னாளில் அவரைத் தங்கள் மூதாதையாக வரித்துக்கொண்டார்கள்.

மூதாதை அவர்கள் விரும்பியபடி நடக்கவில்லை. 1919இல் டி கிரிக்கோ 'கைத்தொழிலுக்குத் திரும்புதல்' என்ற கட்டுரையை எழுதினார். ஓவியர்கள் பழைய சிலைகளையும் பழைய படங்களையும் பார்த்துப் பொறுமையாக வரைந்து பழக வேண்டும் என்பது அதன் வாதம். அவரே அருங்காட்சியகங்களில் சட்டத்தை நிறுத்திப் பழைய ஆசான்களைப் பிரதியெடுத்தார். 1924இல், கவிஞர் போல் எலுவாரும் அவர் மனைவி காலாவும் 1917ஆம் ஆண்டின் 'நிம்மதி குலைக்கும் கலைத்தேவியர்' படத்தை விலைக்குக் கேட்டபோது, மூலம் வேறொருவரிடம் இருக்கிறது, அதேபோல் இன்னொன்று தீட்டித் தருகிறேன், விலையும் குறையும் என்று எழுதி, தீட்டியும் கொடுத்தார். அந்த ஒரு படத்துக்கு மட்டும் 1945க்கும் 1962க்கும் இடையில் அவர் செய்த பிரதிகள் 18 என்று எண்ணப்பட்டிருக்கின்றன. அமெரிக்க ஓவியர் அன்டி வார்ஹொல் 1982இல் அந்த வரிசையைப் பார்த்தே தன் அச்சுப் படங்களைச் செய்தார்.

பிரெத்தோன் குழு இதைத் துரோகமாகப் பார்த்தது. இன்றுவரை பல கலைநூல்கள் 1919க்குப் பிந்திய டி கிரிக்கோவை ஒரு வீழ்ச்சிக் கதையாகவே எழுதுகின்றன. அண்மைக் காலத்தில் எதிர்ப்பக்க வாசிப்பும் வந்துவிட்டது. தன்னையே திரும்பத் திரும்ப நகலெடுத்தவர் என்ற வகையில் அவரைப் பின்னவீனத்துவத்தின் முன்னோடி என்கிறார்கள். இரண்டும் எனக்கு முழுதாக ஒப்பில்லை. வீழ்ச்சி என்பவர்கள் காசுக் கணக்கை மறைக்க முடியாமல் அதையே முழுக் காரணமாக்குகிறார்கள். முன்னோடி என்பவர்கள் அதே காசுக் கணக்கைத் தத்துவமாக்கிவிடுகிறார்கள். இங்கு எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: சர்ரியலிச நகரத்தைக் கண்டுபிடித்தவர் பார்த்துக் கீறுவதை இழிவாக நினைக்கவில்லை.

மற்றச் சர்ரியலிச ஓவியர்களும் அப்படித்தான். ரெனே மக்ரித் 1920களின் தொடக்கத்தில் டி கிரிக்கோவின் 'காதல் கீதம்' படத்தைக் கண்டு கண்கலங்கியதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கண்டது மூலப்படத்தை அல்ல, அச்சில் வந்த ஒரு பிரதியை. அந்தக் கண்ணீர் உண்மையென்றால், கொழும்பில் கைபேசித் திரையிலும் பழைய புத்தகக் கடை அல்பத்திலும் டி கிரிக்கோவைப் பார்க்கிற பிள்ளை மக்ரித்தைவிட ஏழையல்ல. மக்ஸ் ஏர்ன்ஸ்ட் 1925இல் ஒரு விடுதியின் தரைப்பலகையில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து மரத்தின் வரிகளைப் பிரதியெடுத்தார். அந்த வழியின் நீட்சியாக, வண்ணத்தைச் சுரண்டியெடுத்து 1930களில் அவர் தீட்டியதுதான் 'முழு நகரம்' என்ற வரிசை. வெறும் பலகையின் தழும்பிலிருந்து எழுந்த நகரம் அது.

3. நூலும் குண்டூசியும்

பிரதிக்கு நான் எடுத்துக்கொண்டது டி கிரிக்கோவின் 1914ஆம் ஆண்டுப் படமான 'ஒரு தெருவின் மர்மமும் துயரமும்'. இடப்பக்கம் வெயிலில் வெளுத்த நெடிய வளைவு மண்டபம். வலப்பக்கம் நிழலில் இருண்ட கட்டடம். அதன் அருகே கதவு திறந்து வெறுமையாய் நிற்கும் ஒரு வண்டி. கீழே வளையம் உருட்டி ஓடும் சிறுமி, அவளும் ஒரு கருநிழலாகவே. மேலே, கட்டடத்துக்கு அப்பால் நிற்கும் யாரோ ஒருவரின், அல்லது ஏதோ ஒரு சிலையின், நிழல் மட்டும் தெருவில் விழுந்திருக்கிறது.

முதற் பிரதியை நம் பாடசாலை முறைப்படி செய்தேன். அச்சுப் படத்தின்மேல் கட்டம், பலகையில் அதே விகிதத்தில் பெரிய கட்டம், கட்டத்துக்குக் கட்டம் பென்சில் கோடு. இரண்டு மாலைகளில் கோடு முடிந்தது. வண்ணம் பூசியபின் தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் இருந்தன: மண்டபம், வண்டி, சிறுமி, நிழல். ஆனால் படத்தில் அச்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆளில்லாத ஏதோ ஒரு தெருவாக அது கிடந்தது.

எங்கே பிசகியது என்று தேடக் குண்டூசியும் தையல் நூலும் எடுத்தேன். அச்சுப் படத்தைப் பெரிய அட்டையில் ஒட்டி, மண்டபத்தின் கூரைக்கோட்டின் வழியே ஒரு நூலை இழுத்து நீட்டினேன். அடிக்கோட்டின் வழியே இன்னொன்று. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு குண்டூசி. வலப்பக்கக் கட்டடத்துக்கும் அதேபோல் செய்தேன். இரண்டாம் குண்டூசி முதலாவதன் அருகில்கூட வரவில்லை. வண்டியின் கோடுகள் இரண்டு ஊசிக்கும் கட்டுப்படவில்லை. அது தன்பாட்டில் வேறொரு தரையில் நின்றது. பிறகு அதே நூலை என் பிரதியின்மேல் வைத்தேன். என் கை, கட்டம் போட்டிருந்தும், கோடுகளைச் சிறிது சிறிதாகச் சாய்த்து எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்கு அருகில் கொண்டுவந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் படித்த தூரதரிசனப் பாடம் எனக்குத் தெரியாமலே டி கிரிக்கோவைத் திருத்தியிருந்தது.

உளவியலாளர் ரூடொல்ஃப் ஆர்ன்ஹைம் 1954இல் வெளிவந்த 'கலையும் கட்புலனும்' நூலில் இதே படத்தை ஆராய்ந்து, ஒன்றோடொன்று ஒவ்வாத தூரதரிசனங்கள் அதில் கூடியிருப்பதைக் காட்டியிருக்கிறார். அதை முன்பே வாசித்திருந்தேன். வாசித்தது கைக்கு எட்டவில்லை. திருத்தும் பழக்கம் கண்ணைவிடக் கையில் ஆழமாகக் கிடக்கிறது என்பதும், அதைப் பிடிக்க ஒரே வழி தப்பைத் தப்பாகவே வரைய முயல்வதுதான் என்பதும் நூல் பிடித்தபின்னே தெரிந்தன. பிரதியெடுத்தலை எதிர்ப்பவர்கள் அதை அடிமைப் பழக்கம் என்பார்கள். என் அனுபவத்தில் அது வேறொரு அடிமைத்தனத்தைக் காட்டிக்கொடுத்தது: சரியாக வரைய வேண்டும் என்று எப்போதோ ஏற்றுக்கொண்ட கட்டளையை.

4. வெள்ளவத்தையின் நிழல்

இரண்டாம் பிரதியில் மூலப்படத்தின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு சதையை வெள்ளவத்தையிலிருந்து எடுத்தேன். இங்குதான் வெயில் குறுக்கே வந்தது.

டி கிரிக்கோவின் நகரங்களில் டூரின் நகரின் சாயல் உண்டு. தத்துவஞானி நீட்சே வாழ்ந்து மனம் பிறழ்ந்த அந்த நகரின் இலையுதிர்காலப் பிற்பகல்கள் அவரை ஆட்டிப்படைத்தன. டூரின் வட அகலக்கோடு 45 பாகையில் இருக்கிறது. நவம்பர் பிற்பாதியில் அங்கே உச்சிவேளையில்கூடச் சூரியன் சுமார் 25 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஆளின் நிழல் ஆள் உயரத்தின் இரு மடங்கைத் தாண்டும். அதையும் அவர் மிகைப்படுத்தினார் என்பது உண்மைதான். ஆனால் மிகைப்படுத்த அவருக்கு ஒரு முதல் இருந்தது.

கொழும்பு ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகலில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். நம் வெயில் மர்மம் செய்யாது, மண்டையில் அடிக்கும். ஆகவே நம் தெருவொன்றைப் பகல் வெளிச்சத்தில் வரைந்து அதன்மேல் டி கிரிக்கோவின் நிழலைக் கிடத்தினால், அது பூப்புனித நீராட்டு விழாவுக்கு வாடகைக்கு எடுத்த கோட்டுப்போல ஒட்டாமல் தொங்கும். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் சர்ரியலிசம் என்று தீட்டப்படும் பல படங்கள் இந்த ஓரிடத்தில் பொய்க்கின்றன என்பது என் எண்ணம். கடிகாரம் உருகுவதில் நமக்குச் சங்கடம் இல்லை. நிழலைக் கேட்டால்தான் விழிப்போம்.

வெள்ளவத்தைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காலி வீதி கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓட, அதிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள் நேர்கோடாக மேற்குப் பார்க்கின்றன. காலையில் சந்தைக் கூடையும் முச்சக்கர வண்டியும் நெருக்கும் அதே ஒழுங்கையில், சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் இருக்கையில் வெளிச்சம் கடல் முனையிலிருந்து குழாய்க்குள் தண்ணீர் பாய்வதுபோல் உள்ளே வருகிறது. அந்த நேரத்தில் சூரியன் 15 பாகையில் நிற்கும். நிழல் உயரத்தின் மூன்றரை மடங்குக்கு மேல். கடற்கரையிலிருந்து திரும்பி வருபவரின் நிழல் அவருக்கு முன்னே வீடு போகிறது. தொடர்மாடிகளின் வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் ஒன்று வெளுத்து ஒன்று இருண்டு, டி கிரிக்கோவின் இரு கட்டடங்களாகின்றன. வெயில் இறங்கியதும் நம் அந்தி அரைமணியைத் தாண்டாது. மர்மத்துக்குக் கொழும்பில் கிடைக்கும் நேரம் மொத்தத்தில் அவ்வளவுதான்.

ஒழுங்கையின் முனையில் மரைன் டிரைவ், அதைத் தாண்டிக் கரையோரப் புகையிரதப் பாதை, பிறகு கடல். டி கிரிக்கோவின் படங்களில் மதிலுக்குப் பின்னால் ஓடும் இரயிலைத் தந்தையின் தொழிலோடு சேர்த்து வாசிப்பது வழக்கம். வெள்ளவத்தையில் அதே இரயில் தெருவின் வாயை மூடித் திறக்கிறது. இந்த ஒற்றுமையில் முதலில் எனக்குப் பெருமகிழ்ச்சி. வரைந்தபின் அதுவே சந்தேகமாயிற்று. அவருடைய இரயில் ஒரு பிரிவின் நினைவு. எப்போதும் தொலைவில் நிற்கும், வந்துசேராது. நம்முடையது ஆட்கள் வாசலில் தொங்கிக்கொண்டு வேலைவிட்டுப் போகும் ஆறுமணி வண்டி. பிரதியிலிருந்து அதை அழித்துவிட்டேன். தண்டவாளத்தை மட்டும் விட்டேன்.

5. வெள்ளவத்தைக்கு வந்த கவிஞர்

வெள்ளவத்தைக்கும் சர்ரியலிசத்துக்கும் உள்ள உறவைப் பேசுவோர் உடனே பப்லோ நெரூடாவைச் சொல்வார்கள். சிலி நாட்டுத் தூதரக அலுவலராக 1929இல் கொழும்பு வந்த அவர், வெள்ளவத்தைக் கடலோரத்தில் ஒரு சிறுவீட்டில் இருந்தார். அவருடைய கவிதைகளிலேயே சர்ரியலிசத்துக்கு மிக நெருங்கிய 'பூமியில் வாசம்' தொகுதியின் ஒரு பகுதி இங்கே எழுதப்பட்டது. புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட், ஓவியர் ஜோர்ஜ் கீற் ஆகியோரோடு அவருக்கு நட்பு இருந்தது. வென்ட் அடுத்த பத்தாண்டில் ஒளிப்படத் தாளில் நேர்-எதிர் நிறங்களைப் புரட்டியும் படங்களை ஒன்றின்மேலொன்று பதித்தும் செய்த சோதனைகள் இத்தீவில் சர்ரியலிசக் காட்சிமொழியின் தொடக்ககாலச் சான்றுகள். ஆங்கிலத்தில் கொழும்புக் கலை வரலாறு எழுதுவோர் இந்தக் கதையைப் பெருமிதத்தோடு சொல்கிறார்கள்.

அக்கதையின் மறுபக்கம் நெரூடா இறந்தபின் 1974இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளிலேயே இருக்கிறது. தன் வீட்டு மலக்கூடத்தைத் துப்புரவு செய்ய வந்த தமிழ்ப் பெண்ணை அவர் பலாத்காரம் செய்ததை அவரே அங்கு எழுதியிருக்கிறார். அப்பெண்ணை உயிரில்லாச் சிலைக்கு ஒப்பிட்டும் எழுதினார். அசோக ஹந்தகமவின் 2021ஆம் ஆண்டுத் திரைப்படமான 'அல்பொராடா' இந்த நிகழ்வை எடுத்துப் பேசுகிறது. பெயரில்லாத அந்தப் பெண் வெள்ளவத்தையின் சர்ரியலிச வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே நிற்கிறாள். நம் பிரதியெடுப்புக் கேள்விக்கு இது புறம்பானதல்ல. ஒரு படத்தைப் பிரதியெடுக்கும்போது அதன் கோடுகளோடு அது உலகைப் பார்த்த பார்வையும் கைக்கு வருகிறது. மனிதர்களைச் சிலையாகவும் நிழலாகவும் ஆக்கிவிடுவது சர்ரியலிச நகரத்தின் அடிப்படை உத்தி. அந்த உத்தியை எந்தத் தெருவில் யார்மேல் பிரயோகிக்கிறோம் என்று கேட்காமல் கற்றுக்கொள்பவர் பாதிதான் கற்றிருக்கிறார்.

6. மஞ்சுஸ்ரீயின் சுவர்கள்

பிரதியெடுத்தல் கற்பனையைக் கொல்லும் என்ற வாதத்துக்கு இத்தீவில் மிகப்பெரிய மறுப்பு எல்.டி.பி. மஞ்சுஸ்ரீ. 1902இல் பிறந்து, சிறுவயதிலேயே பௌத்த துறவியானவர். 1930களில் சாந்திநிகேதனில் சில காலம் இருந்தார். திரும்பி வந்து தீவெங்கும் உள்ள விகாரைச் சுவரோவியங்களைப் பார்த்து வரைந்து பதிவு செய்வதில் பல பத்தாண்டுகளைச் செலவிட்டார். 1943 ஓகஸ்டில் வென்டின் முயற்சியால் கொழும்பில் உருவான ஓவியர் அமைப்பான '43 குழு'வின் தொடக்க உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அதே வரிசையில் யாழ்ப்பாணத்து எஸ்.ஆர். கனகசபையும் இருந்தார். பிற்பாடு மஞ்சுஸ்ரீ துறவாடையைக் களைந்தார். அவருடைய பிரதிகளின் தொகுப்பு 1977இல் நூலாயிற்று. 1979இல் மக்சேசே விருது கிடைத்தது. மூலச் சுவர்கள் பல இடிந்தும் மேற்பூச்சில் மறைந்தும் போனபின் அவருடைய தாள்களே சாட்சி.

இதே மனிதர்தான் 43 குழுவில் சர்ரியலிசத்துக்கு மிக அருகில் போனவர். அவருடைய சொந்தப் படங்களில் உடல் கொடியாகிறது, கொடி கண்ணாகிறது, கண்ணுக்குள் இன்னொரு உடல் சுருண்டு கிடக்கிறது.

வழமையான விளக்கம் இவ்விரண்டையும் இரு அறைகளில் வைக்கிறது: பகலில் பாதுகாவலர், இரவில் நவீனர். வென்ட் வட்டத்தின் வழி அவர் ஐரோப்பியப் படங்களின் அச்சுகளைக் கண்டிருப்பார், அங்கிருந்தே கனவு வந்தது என்பது இதன் உட்கிடை. அந்தப் பாதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்டிக் காலச் சுவரோவியத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இன்னொரு வழியும் தெரியும். அங்கே ஒரே பட்டையில் ஒரே ஆள் நாலு இடத்தில் நிற்பார்: அரண்மனையில், காட்டில், ஆற்றங்கரையில், மறுபடி அரண்மனையில். விழும் நிழல் கிடையாது. கோடுகள் போய்ச் சேரும் புள்ளியும் கிடையாது. ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் வெற்றிடம் வந்தால் செந்நிறப் பின்னணியில் பூக்கள் மிதந்து அதை நிரப்பிவிடும். இத்தகைய சுவரை ஆண்டுக்கணக்கில் கோடு கோடாகத் தொடர்ந்த கைக்கு, காலமும் இடமும் ஒன்றுக்குள் ஒன்று புகுவது புதுமையாக இராது. டி கிரிக்கோ கட்டி உடைத்த தூரதரிசனம் அந்தச் சுவர்களில் கட்டப்படவேயில்லை. மஞ்சுஸ்ரீயின் சர்ரியலிசம் பிரதியெடுத்தலை மீறி வந்ததென்பதைவிட, அதற்குள்ளிருந்தே முளைத்ததென்று கொள்வதே அவருடைய கோட்டுக்குப் பொருந்துகிறது.

7. கொட்டாஞ்சேனையில் தோற்ற பிரதி

மூன்றாம் பிரதியை நான் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். அது தோற்றது. தோற்ற விதம் பயனுள்ளது.

கொட்டாஞ்சேனையில் எதை விடுவது என்பதுதான் சிக்கல். மேட்டில் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கால வொல்வெண்டால் தேவாலயம், சிலுவை வடிவில், கோட்டைபோன்ற தடித்த சுவர்களோடு. சற்றுத் தள்ளிப் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம். பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரம் கோயில். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். இவற்றுக்கிடையில் நகைக்கடை, இரும்புக்கடை, லொட்ஜ், மின்கம்பிக் கற்றை, புதிதாய் எழும் தொடர்மாடியின் பச்சை வலை.

முரண்பட்டவற்றை அருகருகே வைத்தால் சர்ரியலிசம் பிறக்கும் என்று படித்திருக்கிறோம். கவிஞர் லோத்ரேயமோனின் தையல் இயந்திரமும் குடையும் அறுவை மேசையில் சந்திக்கும் உவமையைப் பிரெத்தோன் கூட்டம் மந்திரமாகவே ஓதியது. நான் குவிமாடத்தின் மேல் பாரந்தூக்கியை வைத்தேன். கோபுர வாசலில் கப்பலை நிறுத்தினேன். வந்தது சுற்றுலாச் சபையின் சுவரொட்டி. எல்லா மதத்தவரும் ஒற்றுமையாய் வாழும் வண்ணக் கொழும்பு! காரணம் எளிது. அவை அங்கே ஏற்கெனவே அயலவர்கள். கொட்டாஞ்சேனையில் குடை திருத்துகிறவரும் தையல்காரரும் ஒரே கடைப்படியில் இருந்து தேநீர் குடிப்பார்கள். அவர்களைச் சந்திக்கவைக்க அறுவை மேசை வேண்டியதில்லை. "எங்கள் வாழ்க்கையே சர்ரியலிசம்தானே" என்று கொழும்பு நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எழும் எரிச்சலுக்கும் இதுவே காரணம். கலந்து வாழ்வது விசித்திரமல்ல. விசித்திரம் அந்தக் கலப்பு ஒருநாள் காலையில் காணாமற்போவது.

8. வெறுமையின் பெயர்

இரண்டாம் பிரதியை, வெள்ளவத்தை ஒழுங்கையை, வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் நெடுநேரம் பார்த்தார். அவருக்கு டி கிரிக்கோவையும் தெரியாது, சர்ரியலிசத்தையும் தெரியாது. "இது எந்த ஊரடங்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு இக்கட்டுரையின் திசை மாறிற்று. ஆளில்லாத தெரு, திறந்து கிடக்கும் வண்டி, மூலைக்கு அப்பால் யாரோ நிற்கும் நிழல்: ஐரோப்பிய விமர்சனம் இவற்றை இருப்பின் புதிராக, கனவின் மௌனமாக வாசித்துவந்திருக்கிறது. கொழும்புத் தமிழருக்கு இதே படத்தில் திகதிகள் உண்டு. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தபின் அறிவிக்கப்பட்ட ஊரடங்கு. போர்க்காலம் முழுதும் சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, பொலிஸ் பதிவு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த நாளின் மாலை. நம் நகரம் தானாக வெறுமையாவதில்லை, யாரோ வெறுமையாக்குகிறார்கள். டி கிரிக்கோவின் வண்டி எதற்காகத் திறந்து நிற்கிறது என்ற கேள்விக்கு விமர்சகர்கள் நூறாண்டாகத் தயங்கித் தயங்கி விடை சொல்கிறார்கள். என் உறவினர் தயங்கவில்லை.

அப்படியானால் நம் கனவு நகரம் எப்படியிருக்கும்? தமிழ் ஓவியர்களில் கனவு நகரத்தையே வாழ்நாள் பொருளாகக் கொண்டவர் சென்னைச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தின் கே. இராமானுஜம். மனநோயோடு போராடி, 1973இல் இளவயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர். அவருடைய மைக்கோட்டுப் படங்களில் மாளிகைமேல் மாளிகை, வளைவுக்குள் வளைவு, படிக்கட்டு, பாம்பு, பறக்கும் பிராணி, நடுவே தொப்பியணிந்த ஓர் ஆள், அவரேதான். ஓர் அங்குலம் வெற்றிடம் இல்லை. கண்டிச் சுவரில் மிதக்கும் பூக்களுக்கும் இராமானுஜத்தின் நெருக்கத்துக்கும் இடையில் வரலாற்றுத் தொடர்பு தேட வேண்டியதில்லை. ஆனால் இரண்டிலும் கனவு நிரம்பி வழிகிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. இரண்டு மாதிரி மட்டும் கொண்டு விதி வகுக்க நான் துணியவில்லை. என் பிரதிகளைப் பொறுத்தவரை முடிவு தெளிவு: டி கிரிக்கோவின் வெறுமையை இங்கே பார்த்துக் கீறினால் அது கனவாக இறங்குவதில்லை, நினைவாக இறங்குகிறது. கொட்டாஞ்சேனையில் நான் செய்திருக்க வேண்டியது சேர்ப்பதல்ல, ஒவ்வொன்றாக எடுப்பது.

திரும்ப வரைதல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஓவியர் தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' (2011) போதுமான சான்று. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டின் பெயரைத் தாங்கிய அந்நூலில், இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைகிறார்கள். அது கட்டடக்கலைஞரின் கோடுகளில் மறுபடி வரையப்படுகிறது. மூன்றாவதாக ஓவியர் அதே வீட்டைத் தன் கையால் வரைகிறார். ஒரு வீட்டுக்கு மூன்று பிரதி. பிரதிக்குப் பிரதி வீடு விலகி விலகி, கடைசியில் கதவும் கிணறும் கனவுப் பொருள்களாகின்றன. மூலம் எங்குமே இல்லை. அந்நூலைப் 'பார்த்துக் கீறினது' என்று யாரும் தள்ளிவிட மாட்டார்கள்.

ஆகவே சித்திர ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பார்த்துக் கீறினால் புள்ளியைக் குறைக்குமுன் நூலையும் குண்டூசியையும் கொடுத்து, எங்கே திருத்தியிருக்கிறாய் என்று கேளுங்கள். வெயிலைச் சரிபார்க்க விரும்புபவர்கள் பெப்ரவரி முதல் வாரத்தில் வெள்ளவத்தைக்கு வரலாம். கரை சற்றுச் சாய்ந்திருப்பதால் ஒழுங்கைகளின் கடல்வாய் மேற்குக்குக் கொஞ்சம் தெற்கே திறக்கிறது. அம்மாதம் சூரியன் ஏறத்தாழ அந்த வாயிலேயே இறங்கும். மாலை ஐந்தரைக்கு மரைன் டிரைவ் முனையில் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஐந்தரை அடி ஆளின் நிழல் காலி வீதியை நோக்கி ஏறத்தாழ 27 அடிக்கு நீண்டு கிடக்கும்.